பதினோரு துண்டு நரம்பு

1938 ஜூலை 4, திங்கள்

என் மூளை எழுபது புள்ளி ஒன்று. இதைக் கணக்கிட்டவன் நானே என்பதால் முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே விடை வந்தது. ஒரே தவற்றை மூன்று முறை செய்யக்கூடியவன் நான் என்பதும் எனக்குத் தெரியும்.

தினம் நடந்ததை வரிசையாக எழுதினால் மனம் ஒழுங்குபடும் என்று மாலை வகுப்பில் கணக்கு வாத்தியார் சொன்னார். ஆகவே இந்த நோட்டு.

நான் வேலை பார்ப்பது தென்னாட்டு மூளைக் கணித நிலையத்தில். மதுரையில் பழங்காநத்தம் போகும் சாலையில், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம். மூளையை அறிவதற்கு அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்பது நிலையத்தின் கொள்கை. உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை நரம்பு ஓடும் பாதையைப் பதினோரு துண்டாகப் பிரித்து அளந்து கூட்டுவோம். பிறகு அந்த ஆளின் கட்டைவிரலை மயிலிறகால் தொடுவோம். அவர் "உணர்ந்தேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆயிற்று என்று ஜெர்மன் கடிகாரம் காட்டும். அது ஒரு விநாடியை ஐந்தாகப் பிரிக்கிற கடிகாரம். நீளத்தை அந்த நேரத்தால் வகுத்து, 2.63 ஆல் பெருக்கினால் மூளை வந்துவிடும். பெருக்குவதும் வகுப்பதும் என் வேலை.

2.63 எங்கிருந்து வந்தது என்று வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட்கிளார்க் முத்திருளனிடம் கேட்டேன்.

"டைரக்டர் ஐயாவோட மூளை நூறு வரணும்ல?" என்றார். "எதால பெருக்குனா நூறு வருதோ அதால பெருக்கியிருக்கு. விஞ்ஞானம்னா அதானப்பா."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் குறித்துக்கொண்டேன்.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடத்தில் நிற்க வேண்டும். சுவரில் சமன்பாடு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. சந்தனம் வைத்து வைத்து வகுத்தல் குறி மறைந்துவிட்டது. உச்சந்தலை, பிடரி, தோள் என்று ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை பதினோரு இடத்தைத் தொட்டு "முதல் துண்டு, இரண்டாம் துண்டு" என்று சேர்ந்து சொல்வோம். ஹெட்கிளார்க்குக்குத் தொப்பை பெரிது. ஒன்பதாம் துண்டுக்குமேல் அவர் கண்ணால் தொடுவார்.

திங்கட்கிழமைகளில் டைரக்டர் உரை உண்டு. இன்று சொன்னது இது:

"மூளையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இரத்தம் தெரிந்தது. நமக்கு எண் தெரிகிறது. இரத்தத்தைத் துடைக்க வேண்டும். எண்ணைத் துடைக்க வேண்டியதில்லை. இந்தச் சமன்பாட்டில் தவறு இருப்பதாக இதுவரை ஏழு பேர் சொன்னார்கள். அந்த ஏழு பேரையும் சமன்பாட்டாலேயே சோதித்தோம். ஏழு பேருக்கும் அறுபத்தைந்துக்குக் கீழே வந்தது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?"

அறுபத்தைந்துக்குக் கீழே வந்தால் மந்த நரம்பு. மந்த நரம்புக்காரர்கள் யானைமலைக்கு அந்தப்புறம் மேலூர் சாலையில் இருக்கும் அமைதி இல்லத்துக்கு அனுப்பப்படுவார்கள், நரம்பு தேறும் வரை. இதுவரை எவருக்கும் தேறவில்லை.

எனக்கு முன்னால் கணக்குப் போட்டவர் சுருளி என்பவர். அவரும் அங்கேதான் இருக்கிறார். அவர் வைத்திருந்த மடக்கை அட்டவணைப் புத்தகம்தான் இப்போது என்னிடம். சில எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் "சரியா?" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை வேகமாகத் திருப்பிவிடுவேன்.

ரயிலடியில் போன மாதம் ஒரு ஜட்கா குதிரைவண்டி, அதிகாரி ஒருவரின் குடைமேல் மோதிவிட்டது. அதனால் ஜட்காக்காரர் எல்லோரும் நம் நிலையத்தில் மூளைச் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவு. வியாழக்கிழமை, ஜட்கா ஓட்டும் என் அண்ணன் பேயாண்டியின் முறை.


ஜூலை 5, செவ்வாய்

புதிதாகச் சேர்க்க வேண்டியவர்களின் அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்துவர அமைதி இல்லத்துக்கு என்னை அனுப்பினார்கள். இதுவரை அதை நான் சீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே இரண்டு வரிசையாகப் பாய். ஒவ்வொரு பாயிலும் ஓர் ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் தலை மழித்திருந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. மயிலிறகு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு மூலையில் ஒருவர் "உணர்ந்தேன்" என்றார். சற்றுக் கழித்து எதிர் வரிசையில் ஒருவர் "உணர்ந்தேன்" என்றார். பிறகு மூன்று பேர்.

"மொதல்ல தொட்டாத்தான் சொல்லுவாங்க" என்றார் வார்டர். "இப்ப தொடாமயே சொல்றாங்க. நல்ல முன்னேத்தம்."

"அப்படியானால் வெளியே விடலாமே?"

"தொடாமயே சொல்றவன எப்பிடிப்பா வெளிய விடுறது?"

சுருளி கடைசிப் பாயில் இருந்தார். என் கையில் மைக்கறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"இப்ப கணக்குப் போடுறவன் நீயா?"

"ஆமாண்ணே."

"விடை சரியா வருதா?"

"வருதுண்ணே."

"அப்பப் பொழச்சுக்குவ" என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "உணர்ந்தேன்" என்றார். நான் அவரிடமிருந்து நான்கடி தள்ளி நின்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கட்டைவிரலில் ஏதோ பட்டது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. நல்லவேளை, வாய் திறக்கவில்லை.


ஜூலை 7, வியாழன்

அண்ணன் காலையில் குளித்து, விபூதி பூசி, குதிரையையும் கழுவிக்கொண்டு வந்தான். வரிசையில் முப்பது ஜட்காக்காரர்கள். ஒருவரும் பேசவில்லை. ஜட்காக்காரர்கள் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

நீளம் அளப்பவர் சிக்கந்தர் பாய். தெற்குவாசலில் தையல்கடை. முப்பது வருஷமாக அளவெடுக்கிறவர் என்பதால் டைரக்டர் அவரை அரைநாள் வேலைக்கு வைத்திருக்கிறார். ரயிலடியில் இவரும் அண்ணனும் மாப்ள முறை கொண்டாடுகிறவர்கள்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தாப்ல நிக்கிற?" என்றார் சிக்கந்தர், கழுத்திலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே.

"பாத்து அளங்க மாப்ள. எம்பொழப்பு ஒங்க கையிலதான் இருக்கு."

"ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" பதினோரு துண்டையும் ஒவ்வொன்றாக அளந்து உரக்கச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு மயிலிறகு. ஹெட்கிளார்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். தொட்டவுடன் அண்ணன் காலைச் சடாரென்று இழுத்துக்கொண்டு, "ஏய், கூசுதுய்யா!" என்றான்.

"கூசுதெல்லாம் செல்லாது. உணர்ந்தேன்னு சொல்லணும்."

"கூசுனா உணர்ந்தாப்லதானய்யா?"

"அது ஒம் மூளைக்குத் தெரியும். கடிகாரத்துக்குத் தெரியாது."

இரண்டாம் முறை சரியாகச் சொன்னான். விநாடியில் ஐந்தில் மூன்று பங்கு. டைரக்டருக்கும் மூன்று, எனக்கும் மூன்று. மனம் லேசாயிற்று.

அப்போது டைரக்டர் வெளியே வந்து, ஜட்கா என்பது இரட்டை நரம்பு அமைப்பு என்றும், மனிதனை மட்டும் அளந்தால் சமன்பாட்டில் பாதிதான் நிறைவேறும் என்றும் சொன்னார். ஆகவே குதிரையும் அளக்கப்பட்டது. சிக்கந்தர் முதலில் மறுத்தார். "குதிரைக்கு நான் எந்தக் காலத்துலய்யா துணி தச்சேன்?" என்றார். பிறகு டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்துப் படித்துச் சொன்னார். குதிரைக்கு மயிலிறகு பட்டதும் ஹெட்கிளார்க்கின் பக்கத்திலிருந்த ஸ்டூல் பறந்தது. கடிகாரம் ஒன்று காட்டியது. குதிரை "உணர்ந்தேன்" என்று சொல்லவில்லை என்பதை நான் தயக்கத்தோடு எடுத்துச் சொன்னேன். சொன்னதாகவே கொள்ளலாம் என்று டைரக்டர் தீர்ப்பளித்தார். மற்ற குதிரைகளுக்கும் இதே அளவு போதும் என்றார்.

மத்தியானம் கணக்குப் போட்டேன்.

குதிரை: 118¼ அங்குலம், நேரம் 1. மூளை 311.

அண்ணன்: 70½ அங்குலம், நேரம் 3. மூளை 61.8.

பதினோரு முறை போட்டேன். மடக்கை அட்டவணையில் போட்டேன். அட்டவணை இல்லாமல் நீண்ட வகுத்தலில் போட்டேன். விடையிலிருந்து தலைகீழாகப் போட்டேன். கடைசியில் தப்பாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எப்படித் தப்பாகப் போடுவது என்று தெரியவில்லை.

ஹெட்கிளார்க் தாளை வாங்கிப் பார்த்தார். குதிரைக்கு எதிரே 311 ஐ அடித்துவிட்டு 99 என்று எழுதினார். "ஐயாவுக்கு மேல யாரும் போகக் கூடாது" என்றார். அண்ணனுக்கு எதிரே ஒன்றும் அடிக்கவில்லை. "ஒங்க அண்ணனா? ச்சொ ச்சொ. அடுத்த சனிக்கெழம வரைக்கும் கெடு இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவ மறு அளவு கேக்கலாம். இதுவரைக்கும் கேட்டவனுக்கெல்லாம் கொறஞ்சுதான் வந்திருக்கு."

அண்ணன் உயரமான ஆள். டைரக்டரைவிட அரையடி உயரம். தாளில் டைரக்டரின் நரம்பு 114 அங்குலம், அண்ணனுடையது 70½. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பயத்தில் இருக்கும்போது எண்கள் எண்களாக மட்டும்தான் தெரிகின்றன.


ஜூலை 8, வெள்ளி

நேற்று இரவு வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"மொட்ட அடிச்சுருவாங்களாடா?"

"ஆமாண்ணே."

"குதிரைய யாரு பாப்பா?"

"அதுக்குச் சான்று கிடைச்சிருச்சு."

"எனக்கில்ல, அதுக்குக் கெடச்சிருச்சா?" அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான். வீட்டில் மயிலிறகு எதுவும் இல்லை.

மதினி தங்கப்பொண்ணு என்னைப் பார்த்துக் கேட்டாள். "இருவது வருசமா ஊருக்குள்ள வண்டி ஓட்டுறாரு. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல. இவருக்கு மந்தம்னா ஒங்க கணக்குல ஏதோ கோளாறு தம்பி."

"பதினோரு தடவை போட்டேன் மதினி."

"போட்டது சரி. எதப் போட்டீக?"

எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் நிலையத்துக்குப் போய் அளவுப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் பேர். எல்லாத் துண்டுகளும் முழு அங்குலம், அல்லது அரை. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் பதினான்கே முக்கால், ஒன்பதே கால் என்று இருந்தது. அது குதிரை.

மனிதர்கள் மட்டும் எப்படி முழு அங்குலத்தில் பிறக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, உடனே பயந்து, பக்கத்தில் "சரியா?" என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்ததும் சுருளியின் ஞாபகம் வந்தது.


ஜூலை 9, சனி

சிக்கந்தர் பாயின் கடைக்குப் போனேன். அவர் காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பாய், நீங்கள் சொல்கிற அளவு டேப்பில் இருக்கிற அளவுதானா?"

மெஷின் நின்றது. என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் போலப் பார்த்தார்.

"டேப்புல இருக்கறதச் சொன்னா அவன் டெய்லரா தம்பி? டேப்புல இருக்கறது ஒடம்பு. வாயில வாரது வெட்டு. பெரிய மனுசன்னா அள்ளி விட்டு வெட்டணும், காத்தோட்டமா இருக்கணும்ல? இல்லாதவன்னா துணிய மிச்சம் பிடிச்சு வெட்டணும். முப்பது வருசப் பழக்கம்."

"டைரக்டருக்கு?"

"துண்டுக்கு நாலு இஞ்சு. பெரிய எடம்."

"எனக்கு?"

"நீ எழுத்து வேல பாக்குற தம்பி. ஒரு இஞ்சு."

"எங்க அண்ணனுக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. "மாப்ளைக்கு நான் செய்யாம இருப்பனா? துண்டுக்கு அர இஞ்சு கொறச்சே வெட்டினேன். பாவம், துணி மிச்சமாகட்டும்னு."

"பாய், அங்கே துணியே இல்லையே!"

"அது எனக்குத் தெரியும். எங்கைக்குத் தெரியணும்ல?"

என்னை ஒருமுறை உள்ளபடி அளக்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டும் அளந்தார், இடது கையாலும் அளந்தார். ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் கூடவே வந்தது. கடைசியில் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, "யா அல்லா, இத்தன நாளா நானா அனுப்பி வச்சேன் அம்புட்டுப் பேரையும்?" என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பாதி அவர் அனுப்பினார். மீதியை நான் பெருக்கி அனுப்பினேன்.

கடை வாசலில் நின்றே கணக்குப் போட்டேன். அண்ணனின் உண்மையான நீளம் 76. மூளை 66.6. தேறிவிட்டான்!

பிறகு டைரக்டர். 114 இல் 44 ஐக் கழித்தால் 70. மூளை 61.4.

பிறகு நான். 80 இல் 11 ஐக் கழித்தால் 69. மூளை 60.5.

உண்மையைச் சொன்னால் அண்ணன் வீட்டில் இருப்பான். நானும் டைரக்டரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்போம்.


ஜூலை 11, திங்கள்

நேற்று முழுதும் யோசித்தேன். சொல்லாமல் இருக்க ஒன்பது காரணம் கிடைத்தது. வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் ஒரே காரணம்தான்: அமைதி இல்லத்துப் பாய்கள். சொல்வதற்கு ஒரு காரணம்தான் இருந்தது, அதுவும் பாய்தான். அதில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

அறிக்கை எழுதி ஹெட்கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் நின்றபடி படித்தார், உட்கார்ந்து படித்தார், கதவைச் சாத்திவிட்டுப் படித்தார்.

"ஏப்பா கண்ணுச்சாமி, எனக்கு எம்புட்டு இஞ்சு விட்டிருக்கான் அந்தாளு?"

"மூன்று."

"கழிச்சா?"

"ஐம்பத்தெட்டு."

அவர் அறிக்கையை நெருப்பைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்து உள்ளே கொண்டுபோனார்.


ஜூலை 13, புதன்

நிர்வாகக் குழு கூடியது. என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். டைரக்டர் என் அறிக்கையை முழுவதும் வாசித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கனவான்களே, இந்த நிலையத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இன்று நடந்திருக்கிறது. கண்டுபிடித்தவன் அது என்னவென்று தெரியாமலேயே கண்டுபிடித்திருக்கிறான். நரம்பு கண்ணுக்குத் தெரியாதது. அதன் உண்மை நீளத்தை டேப் காட்டாது. டேப் காட்டுவது தோலை. முப்பது வருஷம் எல்லாத் தரத்து மனிதர்களையும் தொட்டுப் பழகிய ஒரு கை மட்டும் அதை உணர்ந்திருக்கிறது. ஒரு பெரிய மனிதரைத் தொடும்போது அந்தக் கை நான்கு அங்குலம் கூடுதலாக உணர்கிறது. ஏன்? ஏனென்றால் அது அங்கே இருக்கிறது! ஏழையைத் தொடும்போது அரை அங்குலம் குறைகிறது. ஏன்? ஏனென்றால் அவனிடம் அது இல்லை. எவ்வளவு நியாயமான கை! எனக்கு நூறு வந்தபோது நானே சந்தேகப்பட்டேன். இன்று சந்தேகம் தீர்ந்தது. இது பெருமையல்ல, கணக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட்கிளார்க் எழுந்து நின்று தட்டினார். அந்த அங்குலங்களுக்கு அந்தஸ்து அங்குலம் என்று பெயர் வைத்துச் சமன்பாட்டில் சேர்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. சிக்கந்தர் பாய் நிலையத்தின் உயிருள்ள கருவியாக அறிவிக்கப்பட்டார். கருவி என்பதால் அவர் இனி விடுப்பு எடுக்கக் கூடாது.

கூட்டம் முடியும்போது, "இந்த இளைஞனைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்" என்றார் டைரக்டர். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான். மதினி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப அந்த பாயோட கை ஆளப் பாத்து அளக்கல. சட்டையப் பாத்துத்தான் அளக்குது. அப்பிடித்தான தம்பி?"

"அப்படித்தான் போலிருக்கு மதினி."

"அப்பச் சட்டைய மாத்துனாப் போதும்ல? இதுக்கா ஒரு வாரமா ரெண்டு பேரும் சாப்புடாமக் கெடக்கீக?"


ஜூலை 14, வியாழன்

மறு அளவு.

அலங்காநல்லூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவருக்குத் தைத்து முடித்த கோட்டு, சிக்கந்தர் பாயின் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் போட்டு, ஜரிகைத் தலைப்பாகை கட்டி, கையில் பிரம்போடு வந்தான். என் அண்ணனைப் பார்த்து நானே எழுந்து நின்றுவிட்டேன்.

"வாங்க, வாங்க" என்றார் சிக்கந்தர். விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் முதுகு தானாக வளைந்தது. கை தானாகத் தாராளமாயிற்று. துண்டுக்கு மூன்று அங்குலம். அண்ணனிடம் குனிந்து காதோரம் சொன்னார்: "நானாச் செய்யல மாப்ள. கை செய்யுது. சத்தியமா."

109 அங்குலம். நேரம் 3. மூளை 95.6. தாளில் எழுதும்போது என் பேனா இரண்டு முறை கிழித்தது.

டைரக்டரே நேரில் வந்து பார்த்தார். பதிவேட்டில் போன வாரத்து எண்ணையும் பார்த்தார்.

"ஒரே வாரத்தில் நரம்பு முப்பத்தெட்டரை அங்குலம் வளர்ந்திருக்கிறது!" என்றார். "எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அமைதி இல்லத்துக்கு அனுப்புவோம் என்று சொன்னது மட்டும்தான். பயத்தால் நரம்பு வளரும் என்பதை உலகத்தில் முதலில் நிரூபித்தது மதுரை. உடனே கட்டுரை எழுத வேண்டும்."

அண்ணனுக்குச் சான்று கிடைத்தது. வாசலில் அவன் என் தோளில் கையை வைத்தான். பிறகு, "இந்தக் கோட்டு ரொம்பப் புழுங்குதுடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் உள்ளே வந்ததும் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"உன் அறிக்கையால் நிலையம் வளர்ந்தது. நன்றி. ஆனால் நீ அதை எழுதியது சந்தேகத்தினால். சந்தேகமும் ஓர் அளவுதான். அளக்காமல் விட்டால் விஞ்ஞானமாகாது. நீ பதினோரு துண்டையும் சந்தேகித்திருக்கிறாய். துண்டுக்கு ஒன்று கழித்துக்கொள். நீயே கழித்துக்கொள், உன் கணக்கில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு."

என் மேஜைக்கு வந்தேன். 70.1 இல் 11 போக 59.1.

வேறு ஆள் இல்லை என்பதால் அனுமதிச் சீட்டையும் நானே எழுதினேன். பெயர், வயது, மூளை. கீழே "கணக்கு சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்திட வேண்டும். பதினோரு முறை சரிபார்த்தேன். ஒரு தவறாவது இருக்கும் என்று இவ்வளவு ஆசையாக என் வாழ்நாளில் நான் தேடியதில்லை. கழித்தல் கணக்கில் தவறு செய்வது மிகவும் கஷ்டம். கையெழுத்திட்டேன்.


ஜூலை 16, சனி

சான்று பெற்ற ஜட்காவில்தான் மந்த நரம்புக்காரர்களைக் கொண்டுபோக வேண்டும் என்று விதி. சான்று பெற்றவர்களில் அதிக எண் அண்ணனுக்கு, ஆகவே அவன் வண்டி.

"காவலுக்கு யாரும் வரவில்லையா?" என்று ஹெட்கிளார்க்கிடம் கேட்டேன்.

"காவல் எதுக்குப்பா? மந்த நரம்பு. தப்பி ஓடணும்னு நீ நெனைக்கிறதுக்குள்ள வண்டி போய்ச் சேந்துரும்." பிறகு தணிந்த குரலில், "மடக்கைப் புத்தகத்த மேசையிலயே வச்சுட்டேல்ல? அடுத்த ஆளுக்கு வேணும்" என்றார்.

மதினி தூக்குச் சட்டியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். மூன்று பேருக்குப் போதுமான சோறு. நான் ஒருவன்தானே என்று சொன்னேன். அவள் வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன்.

வைகைப் பாலம் தாண்டியது. யானைமலை வந்தது. சீட்டை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். இல்லத்தின் ஓட்டுக் கூரை தெரிந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல்கள் கேட்டன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. என் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கேட் வந்தது. வார்டர் கேட்டைத் திறந்துகொண்டு நின்றார். அண்ணன் வாரை இழுக்கவில்லை. வார்டரின் முகம் எனக்கு நேரே வந்து பின்னால் போயிற்று. அவர் ஏதோ கத்தினார். அண்ணன் குதிரையின் முதுகில் வாரைத் தட்டினான்.

நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சீட்டு என் கையில் இருந்தது. கையெழுத்து என்னுடையது. கணக்கில் தவறு இல்லை. சொல்லாவிட்டால் அண்ணனைப் பிடிப்பார்கள், சான்று போகும், இன்னும் என்னென்னவோ நடக்கும். ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. மதினி தூக்குச் சட்டியைத் திறந்து ஒரு கவளத்தை என் கையில் வைத்தாள். மென்று விழுங்கினேன். கல்குவாரிப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. மறுபடி முதலிலிருந்து வரிசைப்படுத்தினேன்.

"நிறுத்துண்ணே" என்றேன்.

அண்ணன் உடனே நிறுத்தினான். மேலூர்ச் சந்தை. கேட்டிலிருந்து பன்னிரண்டு மைல்.

"எறங்குடா" என்றான். "குதிரைக்குத் தண்ணி காட்டணும்."

ஒரு சொல் சொல்ல இவ்வளவு தூரம் ஆயிற்றென்றால், நான் போட்ட 59.1 சரிதான் போலிருக்கிறது.